கெடு இருக்கிறது, கணக்கு இல்லை

சிறார் மீதான விசாரணையை, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவர் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால், சிறு குற்றங்களில் நடவடிக்கையே அற்றுப்போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கெடு தாண்டிய வழக்குகள் நாடெங்கும் எத்தனை?

கீழமை நீதிமன்றங்களின் நிலுவையை தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் யாரும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். குழுமங்களுக்கு அந்த வசதி இல்லை. அவை நிலுவை விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதன்மை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆக, தகவல் திரட்டப்படுகிறது. மக்கள் பார்வைக்குத்தான் வருவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இருக்கிறதே என்றால், அது போலீஸ் பதிவிலிருந்து பிறப்பது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் திருட்டும் கொலையும் இருந்தால், கொலை மட்டுமே எண்ணப்படும். கூர்நோக்கு இல்லத்தில் சிறுவன் எத்தனை நாள் இருந்தான், நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை எப்போது வந்தது என்பதற்கெல்லாம் அதில் பத்தியே கிடையாது.

அடையாளம் வெளியாகிவிடும் என்ற தயக்கம் நியாயமானது. சட்டத்தின் 74ஆம் பிரிவு சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால், எண்ணிக்கைக்குப் பெயர் எதற்கு? மாவட்டம், வயது, நாள்கள் போதும். மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழுமங்களின் காலாண்டு அறிக்கைகளை ஒரே படிவத்தில் வாங்கி வெளியிடட்டும்.