வண்டி இல்லாதவரும் உறுப்பினரே: பழைய கார் சங்கத்தின் நிலைப்பாடு

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார்களைப் பராமரித்து ஓட்டிவருகிறவர்களின் சங்கம் எங்களுடையது. ஆண்டுக்காண்டு உறுப்பினர் குறைந்துவருகிறார்கள். சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றும், வேறு பெரிய அமைப்போடு சேர்த்துவிடலாம் என்றும் இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டையும் செயற்குழு ஏற்கவில்லை. அவற்றுக்குப் பதிலாக என்ன செய்ய நினைக்கிறோம், ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதை உறுப்பினர்களுக்கும், உறுப்பினராக இல்லாமலேயே இந்த வண்டிகள்மீது பிரியம் கொண்டவர்களுக்கும் இங்கே சொல்கிறோம்.

ஒருவர் பெயரில் பழைய கார் இருந்தால்தான் அவர் உறுப்பினராக முடியும் என்ற விதி நீக்கப்பட வேண்டும். பழைய காரை ஓடவைக்கத் தெரிந்தவர், கற்றுக்கொள்ள விரும்புகிறவர், அதன் வரலாற்றைத் திரட்டுகிறவர், அப்படியொரு காரோடு வாழ்ந்த குடும்பத்தார் என எல்லோரும் வாக்குரிமை உள்ள முழு உறுப்பினர்கள் ஆக வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி உறுப்பினராகும் இந்த விதி எழுதப்பட்டபோது அதற்குக் காரணம் இருந்தது. அப்போது அம்பாசடரும் ஃபியட்டும் தெருவில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. பழைய ஹெரால்டோ மோரிஸோ வைத்திருந்தவர்களுக்கு உதிரிபாகம் தேடுவதில் ஒருவருக்கொருவர் உதவி தேவைப்பட்டது, அதற்காகக் கூடினார்கள். புதுப்பேட்டையில் எந்தக் கடையில் என்ன கிடைக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கைமாறின. வண்டி வைத்திருந்தவருக்குத்தான் அந்தப் பேச்சு பயன்பட்டது. அந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்குச் சரி.

இப்போது ஒரு மூத்த உறுப்பினர் காலமானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். தனிவீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுத்தாயிற்று. புது வீட்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங் இடம், அதில் தினசரி ஓடும் கார் நிற்கிறது. தார்ப்பாயின் கீழ் நிற்கும் ஹெரால்டை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும், மரணச் சான்றிதழும் வாரிசுச் சான்றும் வேண்டும் என்பதைச் சொல்லவும் ஆள் இல்லை. துக்கத்தின் நடுவே அதற்கான கெடு தாண்டிவிடுகிறது. காகிதம் சரியில்லாத வண்டிக்கு நல்ல விலை வராது. கடைசியில் அது எடைக்கு எடை காயலான் கடைக்குப் போகிறது. சங்கத்துக்கு ஓர் உறுப்பினரும் ஒரு காரும் சேர்ந்தே போய்விடுகின்றன.

இத்தனைக்கும் அந்த வண்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் அதே வீட்டில்தான் இருப்பார். குளிர்காலக் காலையில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தக் கதவை லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டும், எந்த ஆண்டு எஞ்சின் இறக்கினார்கள் என்றெல்லாம் மனைவியும் மகளும் சொல்வார்கள். ஆனால் ஆர்.சி. அவர்கள் பெயரில் இல்லாததால் நம் பட்டியலில் அவர்கள் இல்லை. இனி உறுப்பினர் அட்டை குடும்பத்துக்கே வழங்கப்பட வேண்டும். ஓர் உறுப்பினர் மறைந்தால் அந்தக் குடும்பம் சந்தா இல்லாமல் சங்கத்தில் தொடரும். பெயர் மாற்ற வேலையைச் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே இருந்து முடித்துக்கொடுப்பார். வண்டியை விற்பதென்று அவர்கள் முடிவு செய்தால் வாங்குபவரைத் தேடித் தருவதும் சங்கத்தின் வேலை.

குடும்பங்களைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது மெக்கானிக்குகளை. இதை அழுத்தமாகவே சொல்கிறோம். ஊரில் ஓடும் ஒவ்வொரு பழைய காரும் ஒரு மேஸ்திரியின் கையால்தான் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டைச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் இல்லாமலே 15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த டேப்பெட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தகரத்தைத் தட்டி மட்கார்டுக்குப் பழைய வளைவை மீட்டுத் தரும் டிங்கர், எங்கும் கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து தருகிறவர், பழைய ஒயரிங்கைப் படம் பார்க்காமல் பிரித்துக் கட்டும் எலெக்ட்ரீஷியன், சீட்டைப் பழைய தையலிலேயே தைத்துத் தருகிறவர் ஆகியோரும் அந்த வரிசையில் வருகிறார்கள். இவர்களில் பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஸ்கேனரைச் சொருகிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் புது கார்களில்தான் வருமானம் என்பதால் அவர்கள் பிள்ளைகள் ஷெட்டுக்கு வருவதில்லை. கண்காட்சியில் வண்டிக்குப் பரிசு கிடைத்தால் கோப்பையில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அந்த வண்டியை விடிய விடிய உட்கார்ந்து தயார் செய்தவரின் பெயர் எங்கும் இருக்காது.

இந்த நிலை மாற வேண்டும். பழைய கார் வேலை தெரிந்த தொழிலாளர்களைச் சந்தா இல்லாத முழு உறுப்பினர்களாக அழைக்கிறோம். செயற்குழுவிலும் அவர்களுக்கு இடங்கள் ஒதுக்கப்படும். மாதம் ஒரு ஞாயிறு ஒரு மேஸ்திரியின் ஷெட்டிலேயே கூடுவோம். அன்று அவர் வேலையைச் செய்துகாட்டுவார், வந்தவர்கள் கையை அழுக்காக்கிக் கற்பார்கள். அந்த நாளுக்கான கூலியைச் சங்கம் கொடுக்கும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதை நாங்கள் மரியாதையாகக் கருதவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்ப்பதையும் பாயிண்ட் வைப்பதையும் வீடியோவில் பதிவு செய்து, அவரவர் பெயரோடு சேமித்து வைப்போம்.

இந்தக் கைத்தொழில் அறிவு வெறும் ஏக்கத்துக்காகத் தேவைப்படுவதல்ல. 2000ஆம் ஆண்டு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட எஞ்சின்களில் வால்வு சீட் தேயும் அபாயம் வந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கடைந்து, கடினமான சீட் பொருத்தித்தான் பலர் அதைச் சமாளித்தார்கள். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்கவைக்கும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஊறி இளகும். எத்தனாலுக்குத் தேவைப்படும் காற்று குறைவு என்பதால், பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். எந்த ஹோஸை மாற்றுவது, ஜெட்டை எவ்வளவு பெரிதாக்குவது, நிறுத்திவைக்கும் முன் டேங்க்கை எப்படிக் காலி செய்வது என்பதையெல்லாம் ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாக வண்டியைப் பாழ்பண்ணிக் கற்க வேண்டுமா? வேலை தெரிந்தவர்கள் உள்ளே இருந்தால் ஒருவரின் அனுபவம் எல்லோருக்கும் பயன்படும்.

இளைஞர்களிடம் வருவோம். அவர்களுக்குப் பழைய காரில் ஆர்வமில்லை என்று சொல்வதை நாங்கள் நம்பவில்லை. நம் பட்டியலில் அவர்களுடைய பழைய கார் இல்லை, அவ்வளவுதான். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 தில்லியில் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது நடந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று முப்பது வயதில் இருப்பவர் அப்பாவின் மாருதியில் முன்சீட்டில் நின்றபடி வளர்ந்தவர். அவருக்கு நினைவில் நிற்கும் கார் அதுதான். கான்டெஸா, பிரீமியர் 118 என்.இ., 1991இல் வந்த டாடா சியரா, 1993இல் வந்த ஜென் எல்லாம் அந்தத் தலைமுறையின் வண்டிகள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா முப்பது வயது நிரம்பிய வண்டியை வரலாற்று வாகனமாக ஏற்கிறது. நம் சங்கமும் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் கோடு போடுவதை விட்டுவிட்டு, முப்பது வயது நிரம்பிய எந்தக் காரையும் ஏற்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சந்தா வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் படிக்கும் மாணவரும், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பயிலும் மாணவரும் ஒரே ஷெட்டில் ஒரே எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

அதற்கு ஹெரால்டைப் போல் பொருத்தமான வண்டி இல்லை. பானட்டை மட்டும் தூக்குவதற்குப் பதிலாக, மட்கார்டோடு சேர்ந்த முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி எஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூன்றையும் பார்க்கலாம். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த வண்டியின் வடிவம் இத்தாலியரான மிக்கெலோட்டியுடையது. தனிச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டுச் சேர்த்த துண்டுகளால் ஆன உடல் அதற்கு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இலிருந்து அதைத் தயாரித்தது. பின்னாளில் நான்கு கதவு வைத்த மார்க் 3, அதன்பின் கெஸல் என்று இங்கேயே மாற்றங்கள் செய்தார்கள். ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, நம் சாலைக்கு ஏற்ற திடமான ஆக்ஸிலைக் கெஸலில் வைத்தது நம் ஊர்ப் பொறியாளர்கள் செய்த வேலை. 1985இல் ரோவர் எஸ்.டி.1 உடலோடு வந்த ஸ்டாண்டர்ட் 2000 விற்கவில்லை. 1988இல் தொழிற்சாலை நின்றது.

பெருங்களத்தூர் பக்கம் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் கார் இருந்ததில்லை. ஆனால் ஒரு ஹெரால்டின் எந்தத் துண்டு எந்த வரிசையில் பொருத்தப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 பூட்டிய நிறுவனம்தான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது என்பதும், சோழவரம் ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியதும் இந்த ஊரின் வரலாறு. கார் நகரம் என்று பெருமை பேசும் சென்னையில் இந்த மனிதர்களின் வாய்மொழியை யாராவது எழுதி வைத்தாக வேண்டும். நம் சங்கம் செய்யட்டும். அவர்கள் உறுப்பினராக வரட்டும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வாகனம் ‘வின்டேஜ்’ பதிவு பெறலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைக்கு மட்டுமே அந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஐம்பதை எட்டாத வண்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. இருபது ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் கார்கள் இப்படித்தான் நடுவில் மாட்டிக்கொண்டு அழிகின்றன. இவற்றுக்குத் தனிப்பிரிவும் குறைந்த கட்டணமும் வேண்டும் என்று அரசிடம் கேட்கிறோம். சில டஜன் உரிமையாளர்கள் கேட்டால் அது பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கோரிக்கையாகத் தோன்றும். தொழிலாளர்கள், மாணவர்கள், குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அதன் எடை வேறு.

மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். வாசலைத் திறந்துவிட்டால் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு இ.சி.ஆரில் பறப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுகிறவர் எவ்வளவு அரிய வண்டியை வைத்திருந்தாலும் உடனே நீக்கப்படுவார் என்பதை விதியாகவே எழுதுகிறோம். தங்கள் காரை மற்றவர் தொடுவதில் விருப்பமில்லை என்றார்கள் இன்னும் சிலர். யாரும் தங்கள் வண்டியைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயிற்சிக்கென்று ஒரு காரைச் சங்கத்தின் பெயரிலேயே வாங்கி, உரிய காப்பீடு எடுத்து வைக்க உத்தேசித்திருக்கிறோம்.

நட்சத்திர ஹோட்டல் புல்வெளியில் பெரிய கண்காட்சி நடத்தி ஸ்பான்சர் பிடித்தால் சங்கம் பிழைக்கும் என்ற யோசனையையும் நாங்கள் ஏற்கவில்லை. வருகிறவர்கள் வண்டியருகே நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் ஷெட்டுக்கு வருகிறவர் அந்தக் கூட்டத்தில் அபூர்வம். மாமல்லபுரம் வரையிலான ஞாயிறு காலைப் பயணம் வழக்கம்போலத் தொடரும். இனி ஒவ்வொரு காரின் முன்சீட்டிலும் கார் இல்லாத ஓர் உறுப்பினருக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

விதித் திருத்தங்கள் வரும் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகின்றன. மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் எழுத்தில் தந்தால் அதையும் வரைவோடு சேர்த்து எல்லோருக்கும் அனுப்புவோம். வாக்கெடுப்பு முடியும்வரை காத்திராமல் இரண்டு வேலைகளை உடனே தொடங்குகிறோம்: மறைந்த உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு உதவுவது, ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைத் தேடிச் சந்திப்பது. வீட்டு மூலையில் பழைய கார் நிற்கும் குடும்பத்தாரே, காயலான் கடைக்காரரிடம் விலை பேசும் முன் எங்கள் உறுப்பினர் ஒருவரை அழைத்து அந்த வண்டியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.