போய்ப் பார்ப்போம்: அப்புத்தளை அடிஷாம் பங்களா



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது நம் வீடுகளில் வழமையாக எழும் கேள்வி. பேராதனைப் பூங்காவும் நுவரெலியாவும் அநேகமானோர் பார்த்த இடங்கள். அதனால் இம்மாதம் ஊவா மாகாணத்தின் சிறிய மலை நகரமான அப்புத்தளைக்குப் போய் வருவோம். பார்க்கப்போவது அங்குள்ள அடிஷாம் பங்களாவையும் அதன் பூந்தோட்டத்தையும்.

இந்தப் பயணத்தில் என்னோடு வந்தவர் என் பெரியம்மா. வயது எழுபத்தெட்டு. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். மலையில் நின்று தூரத்தே அந்தப் பங்களாவின் கூரையைப் பார்த்திருக்கிறாரே தவிர, ஒரு நாளாவது உள்ளே காலடி வைத்ததில்லை. "அது துரைமார் வீடு. நமக்கு என்ன வேலை?" என்பார். இந்த முறை நான் விடவில்லை.

பண்டாரவளையில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அப்புத்தளை வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், மலை முகட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. காலையில் வெயில், பகலில் மூடுபனி. நகரத்திலிருந்து பங்களா ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நடக்கக்கூடியவர்கள் தேயிலை மலைகளைப் பார்த்தபடி நடந்து போகலாம். நாங்கள் பெரியம்மாவுக்காக முச்சக்கர வண்டியில் போனோம்.

வீட்டின் கதை

இந்த மாளிகையைக் கட்டுவித்தவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர். இளம் வயதில் தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்து, பிற்காலத்தில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராக உயர்ந்தவர். சட்டசபையிலும் அங்கத்தவராக இருந்தார். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அடிஷாம் என்ற கிராமத்தில் பிறந்தவர் என்பதால், 1931இல் எழுந்த தன் மாளிகைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். கென்டிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் இது கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். கருங்கல் சுவர்கள், உயர்ந்த புகைபோக்கிகள், பர்மாத் தேக்கில் செய்த கதவு யன்னல்கள் என்று பார்க்கும்போது, சீமையிலிருந்து ஒரு வீட்டை அப்படியே தூக்கிவந்து வைத்ததுபோல் இருக்கிறது.

பின்னர் வீடு கைமாறியது. 1960களின் தொடக்கத்திலிருந்து கத்தோலிக்க பெனடிக்ட் சபையின் சில்வெஸ்டர் பிரிவுத் துறவிகளின் மடமாக இருந்து வருகிறது. அவர்கள் வீட்டை இடித்து மாற்றவில்லை. பழைய தளபாடங்களையும் புத்தகங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது வரவேற்பறையும் நூலகமும்தான். மற்றப் பகுதிகளில் துறவிகள் வாழ்கிறார்கள். உள்ளே படம் பிடிக்க அனுமதி இல்லை.

வாசற்படிக்கு வந்ததும் பெரியம்மா நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா புள்ள, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். டிக்கட் வாங்கியிருக்கிறோம், எல்லாரையும்போல நாமும் பார்க்க வந்தவர்கள்தான் என்று சொல்லியும் அசையவில்லை. வாசலில் நின்ற பிரதர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, "வாங்க அம்மா, உள்ளே வாங்க" என்று தமிழிலேயே அழைத்தார். அதன் பிறகே பெரியம்மா படியேறினார்.

வரவேற்பறையில் கணப்படுப்பு, பழைய நாற்காலிகள். நூலகத்தில் அலுமாரி நிறையப் புத்தகங்கள். பெரியம்மா எதையும் தொடவில்லை. சுவரருகே போய்க் கருங்கல்லை மட்டும் உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"எங்க அம்மா வயசுப் புள்ளையா இருக்கையில இந்த பங்களாவுக்குக் கல்லும் மண்ணும் சுமந்துச்சாம். சொல்லிக்கிட்டே இருக்கும். யாரும் நம்ப மாட்டோம்."

இதை எனக்கு அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

பூந்தோட்டம்

பங்களாவைச் சுற்றியுள்ள காணி சுமார் 10 ஏக்கர். வெட்டி ஒழுங்காக்கிய புற்றரை, ரோசாப் பாத்திகள், உயர்ந்த மரங்கள், பழத்தோட்டம் எல்லாம் உண்டு. அருகே தங்கமலைச் சரணாலயத்தின் காடு. அமைதியாக நின்றால் பறவைகளின் சத்தம் கேட்கும்.

உள்ளே பேசாமல் வந்த பெரியம்மாவுக்குத் தோட்டத்தில் வாய் திறந்துவிட்டது. ரோசாச் செடிகளைப் பார்த்து, "கவ்வாத்து நல்லா வெட்டியிருக்காங்க, கண்ணுக்கு மேல சரிச்சு வெட்டியிருக்கு பாரு, தண்ணி நிக்காது" என்றார். சரிவில் மண் கரையாமல் கான் வெட்டியிருக்கும் விதத்தைக் காட்டித் தந்தார். எந்தப் புல்லைப் பிடுங்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று என் மகளுக்கு வகுப்பே நடத்தினார். படித்த நாங்கள் அழகு என்று மட்டும் பார்த்ததை, அவர் வேலை என்று பார்த்தார். அந்த வேலையின் நுட்பம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சகோதரிகளே, ஒரு விடயத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த வீடு எழுந்த 1931ஆம் ஆண்டில்தான் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கைப் பெண்கள் முதன்முதலாக ஆண்களோடு சமமாக வாக்களித்தார்கள். ஆனால் தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலானோருக்கு வதிவிட நிபந்தனைகளால் அந்த உரிமை எட்டவில்லை. கிடைத்த சிலரும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் அதை இழந்தார்கள். கூலியிலும் அதே கதை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பது தோட்டங்களில் 1984இல்தான் வந்தது. பெரியம்மா அதற்கு முன்பே இருபது வருடம் கொழுந்து பறித்துவிட்டார்.

இந்த மாளிகையைக் கட்டுவித்தவரின் பெயரும், அவர் பிறந்த ஊரின் பெயரும் நமக்குத் தெரியும். கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அதற்காக மாளிகையின் அழகை வெறுக்க வேண்டியதில்லை. அந்த அழகில் நம் பாட்டிமாரின் உழைப்பும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். அப்போது வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு தயங்கி நிற்கத் தோன்றாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எல்லா நாட்களிலும் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. வார இறுதியிலும் போயா போன்ற விடுமுறை நாட்களிலும்தான் வழமையாகத் திறந்திருக்கும். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. காலையிலேயே போய்விடுங்கள், பகலுக்குப் பின் மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளிச் சட்டை அவசியம். மழைக்காலத்தில் புல்லில் அட்டை இருக்கும், கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கொண்டுபோங்கள். இது துறவிகள் செபம் செய்யும் இடம் என்பதால் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கப் பழக்குங்கள். வெளியேறும் வழியில் துறவிகள் தயாரிக்கும் ஜாம், கோடியல் வகைகளை விற்கிறார்கள். பெரியம்மா தன் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசில் கொய்யா ஜாம் போத்தல் ஒன்று வாங்கினார். என் காசை வாங்க மறுத்துவிட்டார்.

இன்னொரு குறிப்பும் உண்டு, இதுதான் முக்கியமானது. இப்படியான இடங்களுக்குப் போகும்போது வீட்டிலுள்ள முதியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். "களைப்பாக இருக்கும், வீட்டில் இருக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வராத கதைகள், ஒரு கல்லைத் தொட்டதும் வந்துவிடுகின்றன. வந்ததை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யார், எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்த வருடம் என்று நான்கு வரி போதும்.

திரும்பி வரும்போது பெரியம்மாவிடம் அவருடைய அம்மாவின் முழுப் பெயரைக் கேட்டேன். சொன்னார். என் மகள் அதைத் தன் பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே "அடிஷாம், 1931" என்று போட்டாள். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். பஸ் பண்டாரவளைக்கு வரும்வரை அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் இன்னோர் ஊரில் சந்திப்போம்.