புளியங்கொட்டையில் வட்டிக் கணக்கு

"வெளியில் மூன்று வட்டிதான்; வங்கியில் ஏழு கேட்கிறார்கள்" என்று விவசாய அன்பர்கள் சிலர் சொல்வதுண்டு. இந்த மயக்கத்தைச் சிறு பிள்ளையும் தெளிந்துகொள்ளலாம்.

7 வயதான என் பேத்தியிடம் 100 புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். "இது கடன். மாதம் பிறந்தால் உன் டப்பாவிலிருந்து 3 கொட்டை எனக்குத் தர வேண்டும்" என்றேன். பன்னிரண்டு முறை எண்ணி வைத்தாள். 36 கொட்டைகள் என் பக்கம் வந்துவிட்டன. "என் டப்பா காலி தாத்தா! இன்னும் அந்த நூறையும் தரணுமா?" என்று கேட்டாள்.

தரத்தான் வேண்டும். வெளியார் சொல்லும் மூன்று, மாதக் கணக்கு. வங்கியின் ஏழு, ஆண்டுக் கணக்கு. 10,000 ரூபாய்க்கு ஓராண்டில் வெளியே 3,600 ரூபாய் வட்டி. உழவர் கடன் அட்டையில் பெறும் பயிர்க் கடனுக்கு 700 ரூபாய். தவணைக்குள் கட்டினால் 400தான். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, தவணை தவறாதவருக்குப் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை.

அவசரத்தில் வெளியார் பணம் உடனே கிடைக்கிறது என்பது உண்மையே. ஆகவே விதைப்புக்கு முன்பே சங்கத்தை அணுகுங்கள். கையெழுத்திடுமுன், "மாதத்திற்கா, ஆண்டுக்கா?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைப் பழக்குங்கள்.