எலிப்பொறிச் சுவர்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் நம் வீடுகளெல்லாம் காளவாய்களாகி விடுகின்றன. பகல் முழுவதும் சூரிய பகவான் கான்கிரீட் தளத்துக்கு வெப்பத்தைக் கடன் கொடுக்கிறார். இரவு பத்து மணிக்கு நாம் பாயை விரித்ததும், தளம் அந்தக் கடனை வட்டியும் முதலுமாக நம் தலைமேல் இறக்குகிறது. விசிறியைச் சுழல விட்டால் அனல்தான் சுழல்கிறது.

இந்த நிலைமையிலே, சென்ற மாதம் நண்பர் ஒருவர் தாம் கட்டப் போகும் புது வீட்டின் படத்தைக் கொண்டு வந்து காட்டினார். மேற்குப் பார்த்த மனை. முகப்பு முழுவதும், தரையிலிருந்து கூரைவரை, ஒரே கண்ணாடி.

"மாலை வெயில் முழுவதும் கூடத்துக்குள் வந்து விடுமே?" என்று கேட்டேன்.

"வந்தால் என்ன? ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளிர்சாதன இயந்திரம் போட்டிருக்கிறதே!" என்றார்.

வெயிலை விலை கொடுத்து உள்ளே அழைத்து வந்து, மறுபடியும் விலை கொடுத்து அதை வெளியே அனுப்புகிற இந்த ஏற்பாட்டுக்கு நவீனக் கட்டடக் கலை என்று பெயராம். நான் தர்க்கம் செய்யவில்லை. "வானம் தோண்டுவதற்கு முன்னால் என்னுடன் இரண்டு நாள் திருவனந்தபுரத்துக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அனந்தபத்மநாப ஸ்வாமி தரிசனம் கிடைக்கும் என்று எண்ணிக் கொண்டு அவரும் சம்மதித்தார்.

ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் தரிசனம் காபி ஹோட்டலில்தான் ஆயிற்று.

தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்திலே, செந்நிறக் கோபுரம் போல வட்டமாக ஒரு கட்டடம் எழுந்து நிற்கிறது. அதுவே இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி என்பதே கிடையாது. சங்கின் உட்புறம் போலச் சரிவான பாதை ஒன்று நடுத்தூணைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அந்தப் பாதையின் ஓரமாகவே, வெளிச்சுவரை ஒட்டி, மேஜைகளும் ஆசனங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. சுவர் நெடுகச் சிறு சிறு துவாரங்கள். காற்று அவற்றின் வழியே தாராளமாக வருகிறது. வெயில் மட்டும் துண்டு துண்டாக உடைந்து, கண்ணைக் கூசாத வெளிச்சமாக மேஜைமேல் விழுகிறது. விசிறித் தலைப்பாகை அணிந்த பரிசாரகர்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு, தஞ்சாவூர்ப் பொம்மை போலக் கொஞ்சமும் சாயாமல், அந்தச் சரிவிலே ஏறி இறங்குவது பார்க்க வேண்டிய காட்சி. (இந்தக் காபி ஹவுஸ்களை நடத்துகிறவர்களும் தொழிலாளர்களே. 1957-ஆம் வருஷ வாக்கில் காபி போர்டு தன் கடைகளை மூடத் தலைப்பட்டபோது, ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் வேலையிழந்தவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து அவற்றை எடுத்துக் கொண்டார்கள். காபியின் ருசியைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். காரியத்தின் ருசியைப் பற்றி இருக்க முடியாது.)

நண்பர் இரண்டாவது காபி வரவழைத்தார். "இதைக் கட்டின மகானுபாவர் யார்?" என்று கேட்டார்.

லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர். 1917-ஆம் வருஷம் பர்மிங்காம் நகரத்தில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். யுத்தம் கூடாது என்னும் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவராதலால், இரண்டாவது உலக யுத்தத்தின்போது துப்பாக்கி தூக்காமல் வைத்தியப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கிருந்து திரும்புகிற வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் மாதக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அச்சமயம் காந்தி மகாத்மாவின் பிரார்த்தனைக் கூட்டங்களுக்குப் போய் வந்தார். அவர் காலில் இருந்தவை சீனாவில் கந்தல் துணிகளைக் கொண்டு கையால் செய்த செருப்புகள். மகாத்மாவின் பார்வை மனிதர்மேல் விழுவதற்கு முன்னால் அந்தச் செருப்பின் மேல் விழுந்ததாம். கந்தலையும் வீணாக்காமல் காலுக்கு அணியாக்கிய கைத்திறனை அவர் வியந்து விசாரிக்க, அதிலிருந்து பேச்சு கட்டடங்களுக்குத் திரும்பிற்று.

பேக்கர் தம் வாழ்நாள் முழுவதும் அடிக்கடி சொல்லி வந்தது ஒன்று உண்டு. நல்ல கிராமத்தில் நல்ல வீடு என்பது, அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்ற மகாத்மாவின் கருத்துத்தான் அது. 1937-ஆம் வருஷத்திலேயே 'ஹரிஜன்' பத்திரிகையில் மகாத்மா இதை எழுதியிருக்கிறார். படித்துத் தலையசைத்தவர்கள் அநேகர். அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து மைலை அளக்கப் புறப்பட்டவர் இந்த வெள்ளைக்காரர்.

1945-ஆம் வருஷம் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். முதல் வேலை குஷ்டரோகிகளுக்கு மருத்துவ நிலையங்கள் அமைப்பது. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிஸபெத் என்னும் மாதரசியை 1948-இல் மணந்து, இருவருமாக இமாலயத்தில் பிதோராகர் என்ற மலையூருக்குப் போய்ப் பதினாறு வருஷ காலம் வைத்தியம் செய்து கொண்டிருந்தார்கள். பர்மிங்காமில் படித்த படிப்பு அங்கே சற்றும் பயன்படவில்லை. மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு, பனிக்கும் சரிவுக்கும் ஏற்றபடி எவ்வாறு கட்டுகிறார்கள் என்பதை மாணாக்கனைப் போல இருந்து பார்த்தார். தமக்குக் கட்டடக் கலை கற்பித்தவர்கள் அவர்கள்தான் என்று பின்னாளில் சொல்லிக் கொண்டார். பிறகு கேரளத்தில் வாகமண் மலை. 1970-ஆம் வருஷ வாக்கில் திருவனந்தபுரம். 2007-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி, தொண்ணூறாவது வயதில் காலமாகும் வரையில் அதுவே அவர் ஊர்.

மறுநாள் உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்துக்குப் போனோம். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியால் தோன்றிய ஸ்தாபனம் இது, கட்டியவர் பேக்கர். குன்றின் மேடு பள்ளங்களை வெட்டிச் சமனாக்காமல், மரங்களுக்கு வழிவிட்டு, சுவர்களே வளைந்து வளைந்து போகின்றன. நடுவிலே வட்டமான நூல்நிலையக் கோபுரம். எங்கும் காரை பூசாத செங்கல். வடநாட்டார் 'ஜாலி' என்று சொல்லும் துளைச் சுவர்கள், ஜன்னலுக்கு வேண்டிய மரம், இரும்பு, கண்ணாடி மூன்றையும் மிச்சப்படுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. ஜன்னல் என்பது, அது அடைத்துக் கொள்ளும் இடத்துச் சுவரைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள சாமான் என்பதை வீடு கட்டினவர்கள் அறிவார்கள்.

நண்பர் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொள்ளல் ஓசை கேட்டது. முகம் சுருங்கி விட்டது.

அவருக்கு நான் சொன்ன விளக்கத்தை நேயர்களுக்கும் சொல்லி விடுகிறேன். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். நமது வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைக்கிறார். இந்த முறையில் செங்கல்லை விளிம்பின் மேல் நிறுத்தி வைக்க வேண்டும். மூன்று அங்குலக் கனமுள்ள கல் வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். இரு பக்கங்களையும் பிணைப்பதற்காக இடையிடையே ஒரு கல் குறுக்கே போகிறது. மேலிருந்து பார்த்தால் கூண்டு கூண்டாகத் தெரிவதாலோ என்னவோ, இந்தப் பெயர் வந்து விட்டது. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலந்தான். ஆனால் நான்கு செங்கல் போகும் இடத்தில் மூன்று போதும். சாந்தும் குறைகிறது. நடுவே அடைபட்டிருக்கும் காற்று, வெளிவெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மூலைகளிலும் கதவு நிலைகளின் ஓரத்திலும் மட்டும் பொள்ளல் இல்லாமல் நிறைத்துக் கட்ட வேண்டும். மின்சாரக் கம்பிக் குழாய் எங்கே போகிறது என்பதையும் சுவர் எழும்போதே தீர்மானித்து விட வேண்டும். கட்டி முடிந்தபின் உளியை வைத்து உடைக்கிற நமது தேசிய வழக்கம் இங்கே செல்லாது.

சுதேசிப் பற்றுள்ளவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கட்டு முறை இங்கிலாந்தில் பழகியதே. பேக்கர் தம் ஊர்ச் சரக்கையே கொண்டு வந்தார். ஆனால் தொப்பியையும் கழுத்துப் பட்டியையும் போல் நமது சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாத சரக்கைக் கொண்டு வராமல், ஒத்து வருவதைப் பொறுக்கிக் கொண்டு வந்தாரே, அங்கேதான் அவருடைய சுதேசியம் இருக்கிறது.

கூரையிலும் இதே கணக்கு. கான்கிரீட் தளத்தின் மேற்பாதிதான் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது இரும்புக் கம்பி. அங்கேயுள்ள கான்கிரீட், கம்பியைப் பிடித்துக் கொண்டிருப்பதைத் தவிர அதிகமாக ஒன்றும் செய்வதில்லை. ஆகையால் கம்பிகளுக்கு நடுவேயுள்ள இடங்களில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட்டைப் போட்டார் பேக்கர். சிமெண்டு மிச்சம், பாரம் குறைவு, ஓட்டுக்குள் அடைபட்ட காற்றினால் உஷ்ணமும் குறைவு. அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் வரிசை கோலம் போட்டாற்போல் இருக்கிறது.

சிமெண்டு மிச்சமாவது நம் பணப்பையை மட்டும் சேர்ந்த விஷயமன்று. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீற்றும்போது, எரிக்கிற கரியிலிருந்து வரும் புகை போதாதென்று, கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியாகிறது. உலகமெங்கும் மனிதர் ஆகாயத்தில் கலக்கும் அந்த வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டினால் மட்டும் வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செங்கற் சூளை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் விறகைத் தின்கிறது. பேக்கர் இதை மறைத்தவரல்லர். வயது ஆக ஆகச் சுடாத மண்ணின் பெருமையையே அதிகமாகப் பேசினார். மண்ணைப் பற்றித் தம் கையாலேயே சித்திரங்கள் வரைந்து ஒரு சிறு புத்தகமும் எழுதினார். வீட்டுப் படங்களைக் கூடப் பழைய உறைகளின் முதுகிலும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்திலுமே வரைந்தவர் அவர். நாலாஞ்சிறையில் அவர் குடியிருந்த வீட்டின் சுவர்களில் காலிப் பாட்டில்கள் வர்ணக் கண்ணாடிகளாகப் பதிந்திருக்கின்றன.

வீட்டைப் போலவே வீட்டுச் சாமான்களிலும் இத்தகைய யோசனைகள் நடந்து வருகின்றன. குஜராத்தில் வாங்கானேர் என்னும் ஊரிலே மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், மின்சாரம் வேண்டாத களிமண் குளிர்ப்பெட்டி ஒன்று செய்திருக்கிறார். 2001-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் உடைந்த மண்பானையின் படத்தைப் பத்திரிகை ஒன்று 'ஏழையின் குளிர்ப்பெட்டி' என்று குறிப்பிட்டது அவர் மனத்தில் தைத்ததாம். மேலே நீர், அது சுவர்களில் கசிந்து ஆவியாகும்போது கீழ் அறை குளிர்கிறது, காய்கறியும் பாலும் கெடாமல் இருக்கின்றன. நமது மண்பானைத் தத்துவந்தான். ஆனால் வறண்ட காற்றுள்ள ஊர்களில்தான் இதன் முழுப் பலன் தெரியும். சென்னையைப் போன்ற கடற்கரைப் பட்டணத்தில் மனிதன் வேர்வையே உலருவதில்லையே, பானையின் வேர்வை எங்கே உலரப் போகிறது?

ரயிலில் திரும்பும்போது நண்பர் வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரி. காரை பூசாத சுவரைப் பார்த்தால் எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? பாதி வேலையில் பணம் தீர்ந்து விட்டது என்பார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறேன், ஐயா!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் தகப்பனார் மண் சுவர் வீட்டில் பிறந்தார். மழைக் காலத்தில் ஒரு பக்கச் சுவர் விழுந்து, அவருடைய தங்கை போய் விட்டாள். அதற்கப்புறம் அவர் ஆசைப்பட்டதெல்லாம் சிமெண்டு பூசின ஒரு வீடு. அவர் காலத்தில் முடியவில்லை. இப்போது நான் கட்டும்போது, மண்ணே உயர்ந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சிக்கனக் கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்துதான் எழுதுகிறோம். எகிப்து தேசத்தில் ஹஸன் பாத்தி என்ற மேதை இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றார். லக்ஸருக்கு அருகே, பழைய காலத்துப் பிரபுக்களின் கல்லறைகள் மேல் குடியிருந்த ஜனங்களை அப்புறப்படுத்துவதற்காக, 1940-களின் பிற்பகுதியில் புதிய கூர்னா என்னும் கிராமத்தைப் பச்சை மண் செங்கல்லால் அவர் கட்டினார். மரச் சாரத்தின் உதவியின்றி மண்ணாலேயே வில்வளைவு எழுப்பும் நூபியக் கொத்தர்களை அழைத்து வந்து கட்டிய அழகு, இன்றும் உலகம் புகழ்வது. ஆயினும் எந்த ஜனங்களுக்காகக் கட்டினாரோ, அவர்கள் குடிவர மறுத்து விட்டார்கள். பழைய இடத்தில் அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. புதிய இடம் சர்க்கார் விரும்பியது, அவர்கள் விரும்பியதல்ல. கிராமம் அரைகுறையாகவே நின்றது.

பேக்கர் இதில் ஒன்றைச் சரியாகச் செய்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏழைக்கு ஒரு முறை, தனவந்தருக்கு ஒரு முறை என்று அவர் வைத்துக் கொள்ளவில்லை. மீனவர் குடிசைக்கு எந்தச் செங்கல்லோ, அதே செங்கல்தான் பேராசிரியர் மாளிகைக்கும். காரை பூசாத சுவர் திருவனந்தபுரத்தில் தரித்திரத்தின் அடையாளமாக இல்லாமற் போனதற்கு இதுவே காரணமாயிருக்கலாம். நமது ஊர்ச் செல்வந்தர்கள் நாலு பேர் அவ்விதம் கட்டினால் என் நண்பரின் சங்கடம் தீர்ந்துவிடும். அவர்களோ கண்ணாடி வாங்கிக் கொண்டிருக்கிறார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை நண்பர் மறுபடியும் வந்தார். கையில் புதிய படம். மேற்கு முகப்பில் கண்ணாடியைக் காணோம். அந்த இடத்தில் ஆழமான தாழ்வாரமும் ஒரு திண்ணையும் வந்திருந்தன. தளத்தில் மங்களூர் ஓடு. சுவர்கள் எலிப்பொறிக் கட்டு. கொத்தனாருக்கு அந்த வேலை தெரியாதென்பதால், முதலில் கொல்லைப்புறத்து மதிலைக் கட்டிப் பழகிக் கொள்ளச் சொல்லியிருக்கிறாராம்.

"அப்படியானால் காரை?" என்றேன்.

"தெருப்பக்கம் மட்டும் பூசி விடுவேன்" என்றார். "உள்ளே பொள்ளல் இருப்பது சம்பந்திக்குத் தெரியவா போகிறது?"