பட்டப்பெயரும் சமயமும்

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரது சமயத்தையும், சமயத்தைக் கொண்டு அவரது தகுதியையும் முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. வீடு வாடகைக்குக் கேட்டுச் செல்லும் நம் மாணவர் இதனை நன்கறிவர்.

பஞ்சாபை நோக்குவோம். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபின் 'சிங்' சீக்கியரின் பொதுப்பெயராயிற்று. ஆயினும் இராசபுத்திர இந்துக்களும் அப்பெயர் பூண்பர். குரு நானக் தோன்றிய 'பேதி' குலப்பெயரை இரு சமயத்தாரும் தாங்குகின்றனர்.

தமிழகத்திலும் இஃதே நிலை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை சைவர். 'இராவுத்தர்' என்பது குதிரைவீரரைக் குறித்த சொல். அருணகிரிநாதர் முருகனையே அவ்வாறு அழைத்துப் பாடினார். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இன்று இடையஞ்சாவடி மாணவருக்கும் மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் பெயர்முன் நிற்பது தந்தையின் முதலெழுத்தே.

பட்டம் போயினும் இயற்பெயர் சமயத்தைக் காட்டுமே என்பர். காட்டட்டும், அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அது மனிதரை அளக்கும் கோலன்று. பெயர் கேட்பது அழைப்பதற்கே, விலக்குவதற்கன்று. இதனை நம் வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம்.