வேலிக்கு அப்பாலிருந்து வரும் நீர்

ஜப்பானின் தென்புறத் தீவாகிய ஒகினாவாவில், கினோவான் நகரத்தின் நடுவே அமைந்திருக்கும் ஃபுடென்மா என்னும் அமெரிக்க மரைன் படையின் விமானதளத்தில், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, விமானக் கொட்டகை ஒன்றின் தீயணைப்புச் சாதனம் தீ ஏதும் இல்லாமலே இயங்கத் தொடங்கி, 2,20,000 லிட்டருக்கும் மேற்பட்ட நுரைக்கலவையைக் கொட்டியது. கொட்டகைக்கு முன்னே இறைச்சி சுடுவதற்காக மூட்டிய அடுப்பின் வெப்பமே சாதனத்தைத் தூண்டிவிட்டதென்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. அந்தக் கலவையில் 1,40,000 லிட்டருக்கு மேற்பட்ட பகுதி தளத்தின் வடிகால்கள் வழியே வெளியேறி, உச்சிடோமரி ஆற்றில் கலந்து, வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, காற்றில் எழுந்து, குடியிருப்புத் தெருக்களில் வந்து விழுந்தது. அதை அள்ளி அகற்றும் பணி கினோவான் நகரத்துத் தீயணைப்பு ஊழியர்களின் தலையில் விழுந்தது. நுரை புறப்பட்ட இடத்தைப் பார்வையிட மாகாண அதிகாரிகளுக்கு அனுமதி கிடைத்ததோ நாட்கள் பல கழிந்த பின்னர்தான்.

இது ஒரு நாளின் விபத்து மட்டுமே என்றால் நாம் இத்தனை விஸ்தாரமாக எழுத வேண்டிய அவசியமில்லை. ஒகினாவாவின் நதிகளிலும் ஊற்றுகளிலும் கிணறுகளிலும் பல்லாண்டுகளாக ஊறிக்கொண்டிருக்கும் ஒரு நஞ்சு அன்று கண்ணுக்குத் தெரியும் உருவம் எடுத்தது என்பதுதான் உண்மை. பி.எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ரசாயனக் குடும்பத்தில், கரியணுவும் ஃப்ளோரின் அணுவும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்பு, சூரியனாலும் நுண்ணுயிர்களாலும் காலத்தாலும் எளிதில் அறுக்க முடியாத அளவுக்கு உறுதியானது. பெட்ரோலியத் தீயின்மீது மெல்லிய படலமாகப் பரவி அதை மூச்சடைத்து அணைக்கும் ஆற்றலைத் தந்த அதே பிணைப்புதான், நுரை மண்ணில் வடிந்த பிறகு அதை அழியா நஞ்சாகவும் ஆக்குகிறது. 1967இல் ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் மூண்ட தீயில் 134 பேர் மாண்டார்கள். அத்தகைய தீயை அணைக்க ஒரு சாதனம் தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உண்மையான தீக்களுக்காக மட்டுமின்றி, வாரந்தோறும் மாதந்தோறும் பயிற்சிக்காகவும் சோதனைக்காகவும் அந்த நுரையைத் திறந்த தரையில் தெளித்து, மழை கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்ட பழக்கத்தை எந்தத் தேவையைக் காட்டி நியாயப்படுத்துவது?

இந்த ரசாயனங்களின் சுபாவம் அறியப்படாத ஒன்று என்று இனி யாரும் சொல்வதற்கில்லை. இவற்றுள் முக்கியமான பி.எஃப்.ஓ.எஸ்.ஸை உற்பத்தி செய்துவந்த அமெரிக்கக் கம்பெனியாகிய 3எம், அதைக் கைவிடப் போவதாக 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் அதையும், 2019இல் அதன் உடன்பிறப்பாகிய பி.எஃப்.ஓ.ஏ.வையும் தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023இல் பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. குடிநீர் வழியே உடலுக்குள் சென்ற இந்தப் பொருள்கள் இரத்தத்தில் தங்கி, அளவில் பாதியாகக் குறைவதற்கே ஆண்டுகள் சில பிடிக்கின்றன.

ஃபுடென்மாவுக்கு வடக்கே, கிழக்காசியாவிலேயே மிகப் பெரிய அமெரிக்க விமானதளங்களில் ஒன்றாகிய கடேனா இருக்கிறது. அதன் பரப்பினூடே ஓடிவரும் டகுஜாகு என்னும் சிற்றாறு ஹிஜா ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றிலிருந்தும், தளத்தின் உள்ளும் புறமுமாக அமைந்த கிணறுகளிலிருந்தும் எடுத்த நீர்தான் சதான் நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தின் வழியே ஏறத்தாழ நாலரை லட்சம் மக்களின் குழாய்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்நீரில் இந்த ரசாயனங்கள் கலந்திருப்பதை மாகாண அரசு 2016 ஜனவரியில் பகிரங்கப்படுத்தியபோது, தாய்மார்கள் கேட்ட முதற்கேள்வி, எத்தனை ஆண்டுகளாக என்பதே. அதற்கு இன்றுவரை விடையில்லை. ஏனெனில் அந்த விடை வேலிக்கு அப்பால், தளத்தின் பதிவேடுகளிலும் மண்ணிலும் இருக்கிறது. மாகாணம் தன்னால் இயன்றதைச் செய்தது: கிளர்வூட்டிய கரியைக் கொண்டு நீரை வடிகட்டியது, மாசுபட்ட ஆறுகளை விட்டு வடபகுதி அணைகளின் நீரையே கூடியவரை நம்பியது. ஆனால் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்து அணைகள் வற்றியபோது, விலக்கி வைத்த அதே ஆறுகளிடம் மீண்டும் கையேந்த வேண்டிய நிலை வந்துவிட்டது. தீவு ஒன்றில் வாழ்பவர்களுக்கு நீரை மாற்றிக்கொள்ள வேறு இடம் ஏது? கினோவானின் ஓயாமா பகுதியில், தலைமுறை தலைமுறையாக ஊற்றுநீரில் சேம்பு பயிரிட்டு வரும் குடியானவர்கள், தங்கள் வயலுக்குப் பாயும் நீரைப் பற்றிப் பிறர் எழுப்பும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகிவிட்டார்கள். தவறு செய்தவர்கள் அவர்கள் அல்லர்.

நம் கருத்தில் இவ்விஷயத்தின் மையம் ரசாயனத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் ஜப்பான்-அமெரிக்கப் படைநிலை ஒப்பந்தத்தின் மூன்றாம் ஷரத்து தளங்களின் நிர்வாகத்தை அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கிறது. நான்காம் ஷரத்தோ, நிலத்தைத் திருப்பித் தரும்போது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமையிலிருந்தும் அந்தப் படையை விடுவிக்கிறது. 2015இல் சுற்றுச்சூழல் பற்றிய துணை ஒப்பந்தம் ஒன்று பெரும் முன்னேற்றம் என்ற பாராட்டோடு கையெழுத்தாயிற்று. ஆனால் அதன்படி கூட, கசிவு நேர்ந்ததென்று அமெரிக்கத் தரப்பு தானே தெரிவித்தாலொழிய, அல்லது நிலம் திரும்பக் கிடைக்கும் தருணம் வந்தாலொழிய, ஜப்பானிய அதிகாரி உள்ளே நுழைய வழியில்லை. கடேனாவுக்குள் சென்று மண்ணையும் நீரையும் சோதிக்க மாகாண அரசு திரும்பத் திரும்ப விண்ணப்பித்தும் பயனில்லை. அதே வேளையில், மாசுக்கும் தளத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்படவில்லை என்று டோக்கியோவின் அதிகாரிகள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். களவு போன பொருள் தன் வீட்டில் இருக்கிறதா என்று தேட வருபவனை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டு, அத்தாட்சி எங்கே என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? சான்றைத் திரட்ட விடாதவருக்குச் சான்றின்மையைத் தமக்கு அனுகூலமாகக் காட்டும் உரிமை கிடையாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அறிந்த நியாயம்.

2021 ஆகஸ்டில் நடந்தது இந்த அதிகாரத்தின் உண்மையான முகத்தைக் காட்டியது. ஃபுடென்மாவில் தேங்கியிருந்த மாசுநீரை என்ன செய்வதென்று இரு நாடுகளும் பேசிக்கொண்டிருந்தபோதே, மரைன் படையினர் தாங்களே சுத்திகரித்ததாகக் கூறி 64,000 லிட்டரைப் பொதுச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அன்று கினோவான் நகராட்சி சாக்கடையில் எடுத்துச் சோதித்த நீரில், ஜப்பான் வகுத்திருந்த தற்காலிக வரம்பாகிய லிட்டருக்கு 50 நானோகிராமைப் போல் பதின்மூன்று மடங்கு மாசு இருந்தது. இதற்குப் பிறகு டோக்கியோ செய்தது என்ன? எஞ்சியிருந்த ஏறத்தாழ 3,60,000 லிட்டரைத் தானே பெற்றுக்கொண்டு, 9 கோடி யென்னுக்கும் மேற்பட்ட செலவில் அழிக்க முன்வந்தது. அழுக்காக்கியவர் ஒருவர், அழிக்கும் செலவு இன்னொருவருடையது. தன் பிரஜைகளின் பணத்தைக் கொண்டு அந்நியப் படையின் பிழையை மூடித்தருவதை ராஜதந்திரம் என்று அழைப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை.

ஜப்பான்-அமெரிக்கக் கூட்டணியின் ஆதரவாளர்கள் சொல்லும் வாதத்தையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். சீனாவும் வடகொரியாவும் அண்டையில் இருக்கையில், தளங்களை அந்நியர் சோதனைக்குத் திறந்துவிடுவது ராணுவ ரகசியங்களுக்கு ஆபத்து என்கிறார்கள் அவர்கள். ஓடையில் ஒரு குப்பி நீரும், பயிற்சிக்குழியில் ஒரு பிடி மண்ணும் எடுப்பதில் எந்தப் போர்விமானத்தின் ரகசியம் வெளியாகிவிடும்? அமெரிக்காவே தன் சொந்த மண்ணில் 700க்கும் மேற்பட்ட ராணுவ நிலையங்களை இந்த மாசுக்காகப் பரிசீலித்துவருகிறது; அங்கே மாநில அரசுகள் வழக்குத் தொடர்கின்றன; 2024 ஏப்ரலில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை, குடிநீரில் பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. ஆகிய இரண்டும் தனித்தனியே லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருக்கலாகாதென்று விதித்தது. மிச்சிகனில் வசிக்கும் குழந்தைக்குக் கெடுதல் என்று கருதப்படும் நீர் ஒகினாவாக் குழந்தைக்கு மட்டும் பொறுக்கத்தக்கதாகிவிடுமா?

1945 யுத்தத்தில் தன் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைப் பறிகொடுத்து, பின்னர் 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த அந்தத் தீவு, ஜப்பானின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தும், அந்நாட்டில் அமெரிக்கப் படை தனியே கையாளும் நிலத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தைத் தாங்கி நிற்கிறது. தேசம் முழுவதற்குமான பாதுகாப்பின் பாரத்தைச் சுமப்பவர்களுக்கு, அந்தப் பாரம் தங்கள் குடிநீரை என்ன செய்திருக்கிறது என்று அறியும் உரிமையையாவது மறுக்காதிருப்பது தேசத்தின் கடன். தளங்களைச் சுற்றி வாழ்பவர்களின் இரத்தத்தில் இந்தப் பொருள்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அறிவதற்குக்கூட, குடிமக்கள் தாங்களே குழுவாகச் சேர்ந்து பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துகொள்ள நேர்ந்தது என்பதை ஜப்பானிய அரசாங்கம் தனக்கு நேர்ந்த இழுக்காகவே கருத வேண்டும்.

ஆகையால், நீரின் தூய்மை சந்தேகத்துக்கிடமாகும் போதெல்லாம், படையின் முன்னறிவிப்பை எதிர்பாராமல், மாகாணத்தின் ஆய்வாளர்கள் தளத்துக்குள் சென்று மண்ணும் நீரும் எடுத்துச் சோதிக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வடிகட்டுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் ஆகும் செலவை மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டும். தளங்களைச் சுற்றி வாழும் மக்களின் உடல்நலத்தை அரசாங்கமே தன் செலவில் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். இவற்றுள் முதலாவது இல்லாமல் மற்றவை நிலைக்கமாட்டா என்பது நம் திடமான அபிப்பிராயம். இதற்கு வாஷிங்டன் தானாக இசையும் என்று எதிர்பார்ப்பது வீண். கேட்க வேண்டியது டோக்கியோ. கடேனாவின் வாயிலில் ஒகினாவா மாகாணம் இத்தனை ஆண்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கும் விண்ணப்பத்தை, ஜப்பானின் பிரதம மந்திரி தம்முடையதாகவே ஏற்று, அடுத்த முறை அமெரிக்க ஜனாதிபதியைச் சந்திக்கும்போது அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.