ஊர் பெயர் மாறினால் உறவு அறுமா?

ஷாதிபூர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது அடங்கிய நகரத்தின் பெயர்தான் மாறிவிட்டது. அந்தமான் தலைநகரான போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பெயர்ப் பலகையை மாற்ற ஒரு டப்பா பெயின்ட் போதும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெயரை என்ன செய்வது?

ஷாதிபூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் 3,000 பேர். கணக்கு முழுவதும் 'கிளவுட்' டேட்டாபேஸில். அதாவது, எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு எடுத்த இடத்தில். சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்டு, 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடலடி கேபிள் இந்த வேலையைத் தீவுகளில் எளிதாக்கியது. ஒவ்வொரு முகவரியிலும் 'போர்ட் பிளேர்' என்று அடித்து வைத்திருந்தால் 3,000 இடங்களில் திருத்த வேண்டும். சிலவற்றில் 'போர்ட்பிளேயர்' என்று இருக்கும். தேடினால் அவை சிக்காது. கடைசியில் ஒரே தெருக்காரர்கள் இருவர் இரண்டு ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் ஊருக்கென்று ஒரே ஒரு பதிவு வைப்பார்கள். அதற்கு மாறாத ஓர் எண். வாடிக்கையாளர் பதிவில் ஊர்ப் பெயர் இருக்காது. அந்த எண்தான் இருக்கும். 'பாயின்டர்' என்பது இதைத்தான். ஊர்ப் பதிவில் ஒரு முறை திருத்தினால், 3,000 முகவரிகளிலும் புதுப் பெயர் வரும். ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதாதே என்ற இந்தப் பாடத்துக்கு, ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரை அடித்தளம் போட்டது.

எல்லா உறவும் இவ்வளவு எளிதல்ல. ஒரு பில்லில் பல சரக்குகள். ஒரே சரக்கு பல பில்களில். இங்கே ஒரு பாயின்டர் போதாது. எந்த பில்லில் எந்தச் சரக்கு, எத்தனை கிலோ என்று இரண்டையும் இணைக்கத் தனிப் பட்டியல் வேண்டும்.

பழைய ஊர்ப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட நினைப்பது ஆபத்து. 3,000 பேரும் இல்லாத ஊரைச் சுட்டிக்கொண்டு நிற்பார்கள். போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ்களில் உறவை முறைப்படி அறிவித்திருந்தால் அழிக்க விடாது. கிளவுடில் பிரபலமான ஃபயர்ஸ்டோர் தடுக்காது. அங்கே காவல் காப்பது புரோகிராம் எழுதியவர் பொறுப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. சில பெயர்கள் மாறக் கூடாது. 1990இல் கொடுத்த பிறப்புச் சான்றிதழில் போர்ட் பிளேர் என்று இருந்தால், அதன் நகலிலும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே ஊர்ப் பதிவில் பழைய பெயரும், எந்தத் தேதி வரை அது செல்லும் என்பதும் சேர்ந்திருப்பதே சரி. 1996இல் மெட்ராஸ் சென்னையானதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இரண்டு ஆவணங்களில் இரண்டு பெயர்கள் இருந்தால், கவுன்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் புரோகிராம் எழுதியவர் அல்ல, நீங்கள்.

எனவே சாப்ட்வேர் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஊர் பெயர் மாறினால் எத்தனை இடங்களில் திருத்த வேண்டும்? 'ஒரே இடத்தில்' என்றால் மேற்கொண்டு பேசலாம்.